காற்றை நோக்கித் திரும்புகிற வள்ளம்

நாடு முழுவதும் எரிபொருள் தட்டுப்பட்ட அந்த ஆடி மாதம் விடத்தல்தீவுக்கு மண்ணெண்ணெய் கடைசியாக வந்தது ஒரு திங்கட்கிழமை. ஆளுக்கு ஐந்து லீற்றர். கிறகரி தன் பங்கை இஞ்சினுக்குள் ஊற்றி, இருந்த பதினெட்டு நண்டு வலைகளையும் ஏற்றிக்கொண்டு மேற்கே போய், வழக்கமான இடத்தில் போட்டுவிட்டுத் திரும்பினான். கால்வாய் வாய்க்கு வந்தபோதே இஞ்சின் இருமி நின்றுவிட்டது. மிச்சத் தூரத்துக்குத் தடி ஊன்றினான். நாளைக்கும் எண்ணெய் கொண்டுவருகிற பவுசர் வருமென்று மீனவர் சங்கத்தில் சொல்லியிருந்தார்கள், அதனால் அவன் கவலைப்படவில்லை.

பவுசர் செவ்வாய் வரவில்லை. புதனும் வரவில்லை.

நண்டு வலை ஓரிரவுக்கு மேல் கடலில் கிடந்தால் கெடுதல்தான். பட்ட நண்டு செத்து அழுகும். அதைத் தின்ன வருகிறவை வலையைக் கடித்துக் கிழிக்கும். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று பலத்து வீசுகிற மாதத்தில் நீரோட்டம் ஒன்றோடு ஒன்றைச் சுருட்டியும் விடும். அந்தப் பதினெட்டையும் விட்டால் கிறகரியிடம் வேறு வலை இல்லை. புதிதாக வாங்கலாமென்று, விலை ஏறிக் கிடந்த அந்த வருஷத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

புதன்கிழமை அவனும் பக்கத்து வீட்டு வலன்ரைனும் துடுப்பு வலித்துப் பார்த்தார்கள். பெரிய பைபர் போட், எதிர்க்காற்று. ஒரு மணித்தியாலம் வலித்தும் புறப்பட்ட இடத்துக்குப் பின்னாலேயே ஒதுங்கி, கண்டல் மரங்களுக்குள் போய்ச் செருகிக்கொண்டார்கள்.

"இது மனிசர் செய்யிற வேலையில்லை, கிறகரி," என்று சொல்லிவிட்டு வலன்ரைன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வீட்டுக்கு நடந்து போனான்.

அன்று பின்னேரம்தான் எமில் ஒரு பாய்மர வள்ளத்தைப் பற்றிச் சொன்னான். எமில் கிறகரியின் மனைவி எடித்தின் தம்பி. ஊருக்கு வெளியே இருந்த சிறிய உல்லாச விடுதியில் ஐந்து வருஷம் வேலை செய்தவன். கொரோனாக் காலத்தில் விடுதி மூடிவிட்டது. இப்போது கட்டாருக்குப் போவதற்காக அக்காள் வீட்டில் தங்கி ஆவணங்கள் சேர்த்துக்கொண்டிருந்தான்.

"வெள்ளைக்காரர் ஓடி விளையாடுற சின்ன வள்ளம், அத்தான். பதினாலு அடி. ஸ்ரோருக்குள்ள கிடக்கு. காவல்காரன் எனக்குத் தெரிஞ்ச பெடியன். கேட்டால் தருவான்."

"நீ ஓட்டியிருக்கிறியா?"

"தள்ளி விட்டிருக்கிறன். ஏத்தி இறக்கியிருக்கிறன். அவையள் கதைக்கிறதைக் கேட்டிருக்கிறன்."

கிறகரிக்கு நாற்பத்தேழு வயது. இருபத்தைந்து வருஷமாகக் கடலுக்குப் போகிறவன். ஆனால் எல்லா நாளும் இஞ்சினோடு போனவன். பாயைப் பற்றி அவனுக்கு எமிலைவிடக் குறைவாகத்தான் தெரியும். எழுந்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, "நட," என்றான்.

வள்ளத்துக்கென்று இரண்டு சில்லு வைத்த சின்னத் தள்ளுவண்டி ஒன்று இருந்தது. அதில் வைத்து இரண்டு பேரும் உப்புத் தரவை வெளி வழியாக ஊருக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வெள்ளை வள்ளம், விளிம்பில் சிவப்புக் கோடு. எடித் படலையில் நின்று பார்த்தாள். ஒரு குளிக்கும் தொட்டிக்குத் தடி நட்டதுபோல இருந்தது அவளுக்கு.

முதல் ஓட்டம் வியாழன் காலை. கால்வாயைத் தாண்டிப் பாயை இழுத்துக் கட்டியதும் வள்ளம் ஒரு பக்கம் சரிந்து வேகமாகக் கிளம்பியது. கிளம்பிய வேகத்திலேயே தானாகக் காற்றை நோக்கித் திரும்பி நின்றது. பாய் படபடவென்று அடித்தது. கிறகரி சுக்கான் பிடியைத் தன் நெஞ்சுவரை இழுத்துத் திருப்பினான். மறுபடியும் ஓட்டம், மறுபடியும் அதே திரும்பல். அரை மணித்தியாலத்தில் பிடியை இரண்டு கையாலும் இழுக்கவேண்டி வந்தது.

"பாயை அளவுக்கு மீறி இழுத்திட்டீங்கள். கொஞ்சம் விடுங்கோ!" என்று எமில் கத்தினான்.

விட்டான். கை இலேசாகியது. ஆனால் வள்ளம் முன்னே போகாமல் நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்தது. இரண்டு பேரும் இறங்கி, சேற்றில் கால் புதையப் புதைய அதைக் கரைக்கு இழுத்து வந்தார்கள். இறங்குதுறையில் நின்றவர்கள் சிரிக்கவில்லை. சிரிக்கிற நாட்களாக அவை இருக்கவில்லை.

கரையில் வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். முதல் பிழையைக் கண்டது கிறகரி. அந்தச் சுக்கானின் அடிப்பலகை மடங்கக்கூடியது. ஆழமில்லாத இடத்தில் மேலே மடக்கி, ஆழத்தில் இறக்கிக் கயிற்றால் இறுக்க வேண்டும். அந்தக் கயிறு எப்போதோ உக்கிப் போயிருந்தது. ஓடும்போது தண்ணீர் பலகையைப் பின்னுக்குத் தள்ளி, அது வால்போல நீண்டு இழுபட்டிருக்கிறது.

"கை முறியக் கனத்தது இதாலதான்," என்றான். சைக்கிள் அச்சாணி ஒன்றைக் குறுக்கே அடித்து, பலகை நேராக நிற்கும்படி முடுக்கினான். அவன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்ததை எடித் கவனித்தாள். இஞ்சினில் பிழை கண்டுபிடிக்கும்போது வருகிற முகம் அது.

வெள்ளிக்கிழமை கை கனக்கவில்லை. ஆனாலும் வள்ளம் காற்றை நோக்கியே திரும்பியது. அதைவிடப் பெரிய தொல்லை, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வளைக்கும்போது நட்டநடுவில் நின்றுவிட்டது. நின்று பின்பக்கமாக நகரவும் தொடங்கியது. காற்று வரும் திசையிலே வலை கிடக்கிறது. வளைந்து வளைந்து போனால்தான் அங்கே போய்ச் சேரலாம். வளையாத வள்ளம் எதற்கு?

எமில் ஒரு நூலில் கல்லைக் கட்டிப் பாய்மரத்தின் உச்சியிலிருந்து தொங்கவிட்டான். கல் மரத்தின் அடியில் நிற்கவில்லை, இரண்டு சாண் பின்னால் நின்றது.

"பாருங்கோ அத்தான், மரம் பின்னுக்குச் சாய்ஞ்சு கிடக்கு. பாய் முழுக்கப் பின்னுக்கு. காத்துப் பின்பக்கத்தைத் தள்ளினால் முன்பக்கம் காத்துக்குள்ளதானே திரும்பும்!"

மரத்தை முன்னால் இழுத்துப் பிடிக்கிற கம்பி அறுந்து, அதற்குப் பதிலாக யாரோ நீளமான கயிறு கட்டியிருந்தார்கள். அதை அவிழ்த்துக் குறுக்கிக் கட்டினார்கள். கல் அடிக்கு வந்தது.

"முன்னுக்கு ஒரு சின்னப் பாயும் இருக்கவேணும். அதை எலி தின்னிட்டுது," என்றான் எமில். "அது இல்லாமல் முன் அணியத்தை ஆர் திருப்பிறது?"

எடித் உள்ளே போய், போரில் இடம்பெயர்ந்த காலத்தில் கூரைக்குக் கட்டியிருந்த நீலத் தறப்பாளைக் கொண்டு வந்தாள். எலி தின்ற பாயின் மிச்சத்தைத் தரையில் விரித்து, அதன்மேல் அளந்து வெட்டி, வலை பொத்துகிற நூலால் அன்று இருட்டும்வரை இருந்து தைத்தாள். விளிம்புகளை மடித்து இரண்டு தையல் போட்டாள். கிறகரி வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனான். வலை கடலில் கிடக்கிற நாட்களை அவன் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை நீலப் பாயோடு போனபோது வள்ளம் வளைந்தது. ஒரு தரமல்ல, நாலு தரம். எமில் கத்திச் சிரித்தான். "அக்கா! திரும்புது!" கரையில் நின்ற எடித்துக்குக் கேட்டது. வலைகளை நோக்கி அப்படியே போய்விடலாம் என்று கிறகரி சொன்னான். ஆனால் போகப் போக வள்ளம் சோம்பத் தொடங்கியது. சரிந்தால் நிமிர நேரமெடுத்தது. சுக்கானைத் திருப்பினால் யோசித்துவிட்டுத் திரும்பியது. கிறகரி தட்டில் காதை வைத்துக் கேட்டான். மூடிய அடிப்பகுதிக்குள் தண்ணீர் இங்கும் அங்கும் ஓடியது.

திரும்பி வந்து அடியில் இருந்த அடைப்பானைக் கழற்றினார்கள். மூன்று வாளிக்கு மேல் தண்ணீர் கொட்டியது. சைக்கிள் பம்பை அந்தத் துளையில் வைத்து எமில் காற்றடிக்க, எடித் சவர்க்கார நீரைத் துணியால் தடவிக்கொண்டு போனாள். வள்ளத்தின் நடுவில் ஒரு பலகையைக் கடலுக்குள் இறக்குகிற ஒடுங்கிய பெட்டி ஒன்று உண்டு. வள்ளம் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கிற பலகை அது. அந்தப் பெட்டியின் அடியில் ஒரு விரல் நீளத்துக்கு நுரை பொங்கியது.

போட் திருத்துகிற இரத்தினத்திடம் ஒரு டின்னின் அடியில் கொஞ்சம் பிசின் இருந்தது. "காய வைக்கிற மருந்து பழசு. பிடிச்சாப் பிடிக்கும். நான் உறுதி சொல்லமாட்டன்," என்று கொடுத்தார். பூசிவிட்டுக் காத்திருந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்து வந்து தொட்டுப் பார்த்தபோதும் விரலில் ஒட்டியது. திங்கள் காலையிலும் ஒட்டியது.

அந்தத் திங்கள் எமிலுக்கு வவுனியாவிலிருந்து தொலைபேசி வந்தது. பாஸ்போட் வரிசையில் நிற்கிற நண்பன், இடம் பிடித்து வைத்திருக்கிறேன், இன்றைக்கே வா என்றான்.

"ரெண்டு நாள் பொறுக்க ஏலாதா?" என்று கிறகரி கேட்டான்.

எமில் தலையைக் குனிந்துகொண்டான். "இந்த இடம் போனால் இன்னும் ஒரு மாசம், அத்தான்."

"போ. நீ போய்ப் பிழை."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எமிலுக்குச் சுட்டது. அவன் பையை எடுத்துக்கொண்டு வலன்ரைனின் சைக்கிளில் பிரதான வீதிவரைக்கும் போனான். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

வள்ளத்துக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சுக்கானில், ஒருவர் காற்றுப் பக்கம் உடம்பைச் சாய்த்து உட்காருவதற்கு.

"நான் வாறன்," என்றாள் எடித்.

"உனக்கென்ன தெரியும்?"

"உங்களுக்கென்ன தெரியும்?"

செவ்வாய் விடிந்ததும் புறப்பட்டார்கள். வலை போட்டு எட்டாம் நாள். காலைக் காற்று அளவாக இருந்தது. கிறகரி சுக்கானைப் பிடித்தான். எடித் நீலப் பாயின் கயிற்றைப் பிடித்தாள். ஒவ்வொரு முறை வளைக்கும்போதும் "இப்ப!" என்பான், அவள் குனிந்து மறுபக்கம் மாறி உட்கார்ந்து கயிற்றை இழுப்பாள். ஏழெட்டு வளைவுக்குப் பிறகு அவன் சொல்லுமுன்னே அவள் மாறினாள். வள்ளம் வெட்டிக்கொண்டு போனது. சுக்கானை இரண்டு விரலால் பிடிக்க முடிந்தது. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவனோடு கடலில் வேலை செய்தது அவளுக்கு அதுதான் முதல் நாள். இதுவே தொழிலாகலாம், பவுசரை எதிர்பார்க்கத் தேவையில்லை என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பு ஒரு மணித்தியாலம் அவளிடம் இருந்தது.

முதல் மிதப்பைக் கண்டார்கள். இரண்டாவது அதன் பக்கத்திலேயே இருந்தது. இருக்கக்கூடாத இடம். கிறகரி பாயை இறக்கிவிட்டு வலையைப் பிடித்து இழுத்தான். வந்தது வலையல்ல, மனிதத் தடிப்பில் முறுகிய ஒரு வடம். வலையும் பாசியும் கயிறும் செத்த நண்டும் ஒன்றாய்ச் சுற்றியிருந்தன. நாற்றம் வீசியது. ஒரு நண்டைக் கழற்றப் பார்த்தாள் எடித். ஓடு கையோடு வந்தது, உள்ளே ஒன்றுமில்லை.

"எல்லாத்தையும் ஏத்துவம். கரையில வைச்சுப் பிரிக்கலாம்," என்றான் கிறகரி. "பாதியாவது தேறும். நீ தைப்பாய்தானே."

"தைப்பன்."

இரண்டு மணித்தியாலம் இழுத்தார்கள். பதினெட்டில் பதினொன்றோ பன்னிரண்டோ கிடைத்திருக்கும், எண்ணமுடியாதபடி அது ஒரே குவியலாக இருந்தது. வேறு இடமில்லாததால் முன்பக்கத்தில் போட்டார்கள். ஈரப் பாசியோடு அது இரண்டு ஆள் பாரத்துக்கு மேல் இருக்கும். அதற்குள் காற்று ஏறிவிட்டது. அலைகளின் தலையில் வெள்ளை தெரிந்தது.

திரும்புகிற வழி காற்று பின்னாலிருந்து வருகிற வழி. இலேசாக இருக்குமென்றுதான் நினைத்தார்கள். பாய் விரிந்ததும் வள்ளம் ஓடியது. முதல் பெரிய அலை பின்னால் தூக்கியபோது முன் அணியம் கீழே குத்தி, சுக்கான் தண்ணீரைவிட்டு வெளியே வந்தது. வள்ளம் சுழன்று பக்கவாட்டாக அலைக்குக் குறுக்கே நின்றது. காற்றை நோக்கி, முதல் நாள் போலவே.

"சுக்கான் பலகை மடிஞ்சிட்டுதோ? பார்!"

அவள் எட்டிப் பார்த்தாள். "இல்லை. நேராத்தான் நிக்குது."

"முன் கயிறு?"

"இறுக்கமாக் கிடக்கு."

"நடுப் பலகை?"

"இறங்கித்தான் இருக்கு."

அவன் பாயைத் தளர்த்தினான், இழுத்தான், மறுபடி தளர்த்தினான். வள்ளத்தை நேராக்கினால் அடுத்த அலையில் மறுபடி சுழன்றது. "முன்னுக்குப் பாரம். பின்னுக்கு இழு," என்றான். குவியலில் பாதியை அவள் பின்பக்கம் இழுத்தாள். அடுத்த அலை பின் விளிம்புக்கு மேலால் உள்ளே வந்து அவர்கள் இடுப்பை நனைத்தது. அடிக்குள்ளும் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. காயாத பிசின் விட்டுவிட்டது.

கரை தெரிந்தது. கால்வாய் வாயைக் காட்டுகிற கம்புகளும் தெரிந்தன. ஆனால் அவர்கள் அதற்கு வடக்கே வடக்கே தள்ளுப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாயைத் தவறவிட்டால் பிறகு திரும்பி வரமுடியாது, திறந்த கடல்தான்.

"இஞ்சேருங்கோ," என்றாள் எடித். "வள்ளத்தில பிழை ஒண்டும் இல்லை. பாரம்தான் பிழை."

அவன் பாயை மறுபடி இழுத்தான்.

"வலையை விடவேணும்."

"பொத்து வாயை!"

இன்னொரு அலை உள்ளே வந்தது. அவள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த வாளியை விட்டுவிட்டுக் குவியலின் ஒரு நுனியைப் பிடித்து வெளியே தள்ளினாள். கிறகரி ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடியே மறுகையால் வலையைப் பிடித்து உள்ளே இழுத்தான். இரண்டு பேரும் இழுத்தார்கள். அப்போது வள்ளம் சுழன்று, பாயின் அடிக்கட்டை தண்ணீரைத் தொடும்படி சரிந்தது. எடித்தின் தலைவரைக்கும் கடல் ஏறியது. அவள் முகத்தை அவன் ஒரு கணம் காணவில்லை.

அவன் வலையை விட்டுவிட்டான். அவளது சட்டையைப் பிடித்தான். பிறகு சுக்கானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே, "தள்ளு," என்றான்.

அவள் தள்ளினாள். முழங்காலில் நின்று, தோளால் நெம்பி, கயிறு கயிறாகத் தள்ளினாள். ஒவ்வொரு தரமும் வள்ளம் கொஞ்சம் எழும்பியது. கடைசியில் காலுக்கடியில் சிக்கிக் கிடந்த இரண்டு வலை மட்டும் மிஞ்சின. பின்னால் அலை தூக்கியபோது சுக்கான் தண்ணீருக்குள்ளேயே நின்றது. கிறகரி பிடியை மெதுவாகத் தள்ளினான். வள்ளம் சொன்ன சொல் கேட்டுக் கம்புகளுக்கு நடுவால் கால்வாய்க்குள் திரும்பியது.

இறங்குதுறையில் வலன்ரைன் கயிற்றைப் பிடித்தான். உள்ளே எட்டிப் பார்த்தான். கிறகரி இறங்கி, வள்ளத்தை இழுத்துக் கட்டிவிட்டு, கை கழுவப் போனான். நெடுநேரம் கழுவினான்.

அன்று பின்னேரம் எமில் வரிசையிலிருந்து தொலைபேசி எடுத்தான். "அக்கா, வள்ளம் எப்பிடி? திரும்பிச்சுதா?"

"ஓம், திரும்பிச்சுது."

"வலை?"

"நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள் எடித்.

மிஞ்சிய இரண்டு வலைகளையும் அவள் முற்றத்தில் விரித்துப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றில் கண்ணிகளைவிட ஓட்டைகள் அதிகம். மற்றதைத் தைக்கலாம். தைத்தாள். ஒரு வலையோடு கடலுக்குப் போகிறவன் எவனுமில்லை. அதை வலன்ரைன், எண்ணெய் வந்ததும் தன் வலைகளோடு சேர்த்துப் போடுவதாகச் சொல்லி எடுத்துப் போனான். எடித்தே அதைச் சுருட்டிக் கொடுத்தாள்.

அடுத்த கிழமை கிறகரி பக்கத்துப் பாப்பாமோட்டைக்கு நெல் அரிவி வெட்டப் போனான். டீசல் இல்லாததால் வெட்டு மெசின்கள் நின்றுவிட்டன. கையால் வெட்ட ஆள் தேடினார்கள். வயற்காரன் யசோதரன் நல்லவன், கடற்கரை ஆளென்று ஒதுக்கவில்லை. கிறகரிக்கு அரிவாள் பிடிக்கத் தெரியாது. முதல் நாளே இடது கை விரலில் வெட்டிக்கொண்டான். எடித்தும் மூன்றாம் நாளிலிருந்து கதிர் கட்டப் போனாள்.

ஒரு மத்தியானம் வரம்பில் உட்கார்ந்து சோற்றைப் பிரித்தபோது யசோதரன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இந்த வயல் துண்டோட முடிஞ்சுது, அண்ணை. வெள்ளிக்கிழமையோட ஆள் தேவைப்படாது. உரமில்லாததால விளைச்சலும் பாதிதான். அடுத்த போகம் விதைக்கிறதா விடுறதா எண்டு நானே யோசிக்கிறன்."

"சரி, தம்பி," என்றான் கிறகரி.

யசோதரன் எழுந்து போனபின் எடித் கிறகரியைப் பார்த்தாள். "சனிக்கிழமை என்ன செய்யிறது?"

கிறகரி துணி சுற்றிய விரலை நிமிர்த்தி வைத்துக்கொண்டு மற்ற விரல்களால் சோற்றைப் பிசைந்தான். வெட்டி முடிந்த வயலில் கொக்குகள் இறங்கியிருந்தன.

"தெரியேல்லை," என்றான். "சாப்பிடு."